ஞாயிறு காலை ஈ.சி.ஆர். சைக்கிள் ரைடு: பெண்கள் எங்களிடம் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நாங்கள் ஞாயிறுதோறும் விடியற்காலையில் சென்னை திருவான்மியூரில் கூடி, கிழக்குக் கடற்கரைச் சாலையில் (ஈ.சி.ஆர்.) தெற்கு நோக்கி சைக்கிள் ஓட்டும் பெண்கள். வங்கி ஊழியர், பள்ளி ஆசிரியை, வீட்டிலேயே தையல் தொழில் செய்பவர், கல்லூரி மாணவி, பேரன் எடுத்தவர் என்று எல்லா வயதிலும் இருக்கிறோம். வீடு திரும்பியதும் அன்றைய ரைடைப் பற்றி ஆளுக்கு நாலு வரி எழுதி வாட்ஸ்அப் குழுவில் போடுவது எங்கள் வழக்கம். அந்த நாலு வரியை யாரோ ஒரு தோழி காட்ட, அதைப் படித்துவிட்டுத்தான் பெரும்பாலும் புதியவர்கள் வருகிறார்கள். வரும்போது எல்லோரும் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விகள். அவற்றுக்கான பதில்களை இங்கே சேர்த்து எழுதியிருக்கிறேன்.

சைக்கிள் ஓட்டி இருபது வருஷம் ஆச்சு. நான் வரலாமா?

தாராளமாக வாருங்கள். எங்களில் பாதிப் பேருக்கு மேல் பள்ளிக்கூடத்தோடு சைக்கிளை விட்டவர்கள். பதினொன்றாம் வகுப்பில் அரசு கொடுத்த சைக்கிளில் இரண்டு வருடம் ஓட்டி, அப்புறம் கல்லூரி பஸ், கல்யாணம், ஸ்கூட்டி என்று வாழ்க்கை போய்விட்டவர்களும் உண்டு. கால் மறந்திருக்காது. மறந்திருப்பது சாலைதான்.

அதனால் சாலைக்கு வருவதற்கு முன் இரண்டு வாரம் உங்கள் தெருவிலேயே மூன்று விஷயங்களைப் பழகுங்கள். ஹேண்டில் பார் வளையாமல் வலது தோள் வழியாகப் பின்னால் திரும்பிப் பார்ப்பது. ஒரு கையை எடுத்துச் சைகை காட்டிக்கொண்டே நேராகப் போவது. இரண்டு பிரேக்கையும் சேர்த்துப் பிடித்து, சீட்டிலிருந்து முன்னால் இறங்கிக் கால் ஊன்றி நிற்பது. இந்த மூன்றும் வந்துவிட்டால் நீங்கள் ரெடி. வேகமெல்லாம் தானாக வரும்.

எத்தனை மணிக்கு, எங்கேயிருந்து, எவ்வளவு தூரம்?

5:15க்கு வந்து சேர வேண்டும், 5:30க்குக் கிளம்பிவிடுவோம். சென்னையில் மே மாதக் கடைசியில் 5:40 சுமாருக்கே சூரியன் வந்துவிடும். ஜனவரியில் 6:30 ஆகும். ஆகவே வருடத்தில் பல மாதங்கள் முதலில் கொஞ்ச நேரமாவது இருட்டில்தான் ஓட்டுவோம். முன்னால் வெள்ளை விளக்கு, பின்னால் சிவப்பு விளக்கு, தலையில் ஹெல்மெட். சைக்கிளுக்கு ஹெல்மெட் சட்டப்படி கட்டாயம் இல்லை என்று சிலர் சொல்வார்கள். எங்கள் ரைடில் கட்டாயம், அதில் பேச்சுக்கே இடமில்லை.

திரும்பும் இடங்கள் மூன்று. உத்தண்டி டோல்கேட் வரை போய்த் திரும்பினால் சுமார் 30 கிலோமீட்டர். முட்டுக்காடு பாலம் வரை என்றால் சுமார் 40. மாமல்லபுரம் போய் வந்தால் 90க்குப் பக்கத்தில். முதல் நாள் வருகிறவர்கள் உத்தண்டியோடு திரும்புவது நல்லது. இரண்டு பேர் உங்களோடு திரும்புவார்கள், தனியாக அனுப்ப மாட்டோம்.

நீலாங்கரை, ஈஞ்சம்பாக்கம், அக்கரை வரை நகரச் சாலைதான்: கடைகள், பஸ் நிறுத்தம், திடீரென்று கதவு திறக்கும் கார். இந்தப் பகுதியில் ஒருவர் பின் ஒருவராக, பேசாமல், கவனமாக ஓட்ட வேண்டும். டோல்கேட் தாண்டிய பிறகுதான் சாலை கொஞ்சம் மூச்சு விடும். சைக்கிளுக்குக் கட்டணம் கிடையாது, இடது ஓரமாகவே போய்விடலாம்.

முட்டுக்காடு பாலத்தில் முதன்முறையாக விடியும்போது நிற்கிறவர்களை நான் பல முறை பார்த்திருக்கிறேன். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் உப்பங்கழி. இடுப்பளவு தண்ணீரில் ஒருவர் வீச்சுவலையைத் தோளில் போட்டுக்கொண்டு அசையாமல் நிற்பார். வலை விரிந்து விழும் சத்தம் பாலத்துக்கு மேலே வரை கேட்கும். காரில் எத்தனையோ முறை கடந்துபோன இடம்தான். சத்தத்தோடு அதைப் பார்ப்பது அன்றுதான் முதல் தடவை என்பார்கள்.

ஏன் இவ்வளவு சீக்கிரம்? ஏழு மணிக்குக் கிளம்பினால் ஆகாதா?

வெயிலும் வண்டிகளும் ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம் காற்று.

வாடை, தென்றல், கொண்டல், கோடை என்று நான்கு திசைக் காற்றுக்கும் நான்கு பெயர் வைத்திருக்கிறோம். அந்தப் பெயர்களின் அருமை சைக்கிளில் ஏறினால்தான் தெரியும். மார்கழி, தை மாதங்களில் வடக்கிலிருந்து வரும் வாடை முதுகில் கை வைத்துத் தள்ளுவதுபோல மாமல்லபுரம் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். நம் காலுக்குத்தான் இத்தனை பலம் வந்துவிட்டது என்று தோன்றும். திரும்பும்போது அதே காற்று முகத்தில் அடிக்கும். மே, ஜூன், ஜூலையில் இதற்கு நேர் மாறு: காலையில் தென்மேற்குப் பக்கமிருந்து காற்று வருவதால் போகும்போது கஷ்டம், வரும்போது சுகம். ஆனால் வெயில் ஏற ஏறக் கடற்காற்று எழுந்து பக்கவாட்டில் தள்ள ஆரம்பிக்கும். அதற்கு முன் வீட்டில் இருந்தால் நல்லது.

வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் எதிர்ப்பு நான்கு மடங்காகும். அதனால் எதிர்காற்றில் பிடிவாதமாகப் பழைய வேகத்தையே பிடிக்கப் பார்க்காதீர்கள். கியரைக் குறைத்து, முழங்கையை மடக்கி, உடம்பைக் கொஞ்சம் தாழ்த்தி, முன்னால் போகிறவரின் நிழலில் ஒண்டிக்கொள்ளுங்கள். பழகியவர்கள் மாறி மாறி முன்னால் போய் காற்றை வாங்கிக்கொள்வோம். ஒன்று மட்டும் நினைவில் வையுங்கள். உங்கள் முன்சக்கரம் முன்னால் போகிறவரின் பின்சக்கரத்துக்குப் பக்கவாட்டில் போய்விடவே கூடாது. அவர் அரை அடி விலகினால் இரண்டும் உரசும், விழப்போவது பின்னால் வரும் நீங்கள்தான்.

நான் ரொம்ப மெதுவாக ஓட்டுவேன். என்னை விட்டுட்டுப் போயிடுவீங்களா?

மாட்டோம். இந்தப் பக்கம் முழுவதையும் படிக்க நேரமில்லாதவர்கள் இந்த ஒரு பதிலை மட்டுமாவது படித்தால் போதும்.

ஒவ்வொரு ரைடிலும் கடைசியில் ஒருவர் வருவார். அவரை ஸ்வீப் என்போம். அவருக்கு முன்னால்தான் எல்லோரும் இருக்க வேண்டும், அவருக்குப் பின்னால் ஒருவரும் இருக்கக் கூடாது. அன்று அவருக்கு வேறு வேலை கிடையாது, தன் வேகத்தைப் பற்றிய நினைப்பும் கிடையாது. நீங்கள் மணிக்கு 12 கிலோமீட்டர் வேகத்தில் போனால் அவரும் 12. நின்றால் அவரும் நிற்பார். ஸ்வீப்பாக எப்போதும் எங்களில் நன்றாக ஓட்டக்கூடியவரையே போடுகிறோம். பஞ்சர் போடவும், முதலுதவி செய்யவும், தேவைப்பட்டால் வேகமாகப் போய் முன்னால் இருப்பவர்களை நிறுத்தவும் அவரால் முடிய வேண்டும்.

இந்த விதி வந்ததற்கு என் அனுபவமே காரணம். பல வருடம் முன்பு வேறொரு குழுவோடு முதல் ரைடு போனேன். கோவளம் தாண்டியதும் முன்னால் போனவர்களின் சிவப்பு விளக்குகள் ஒவ்வொன்றாகச் சிறுத்து மறைந்தன. கையில் பம்பும் இல்லை, யார் நம்பரும் இல்லை. அவர்கள் கெட்டவர்கள் இல்லை, யாரும் திரும்பிப் பார்க்கவில்லை, அவ்வளவுதான். திருவிடந்தைக்குப் பக்கத்தில் ஒரு டீக்கடை அம்மா "யாரும்மா கூட வந்தது?" என்று கேட்டபோது எனக்குப் பதில் வரவில்லை. அதற்குப் பிறகு எட்டு மாதம் சைக்கிளைத் தொடவே இல்லை. இன்னொரு பெண்ணுக்கு அந்த எட்டு மாதம் வரக் கூடாது என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன்.

என்ன சைக்கிள் வாங்கணும்?

இப்போதைக்கு எதையும் வாங்காதீர்கள். வீட்டில் இருக்கும் சைக்கிளில், மகளுடையதோ தம்பியுடையதோ, நான்கு ஞாயிறு வாருங்கள். ஈ.சி.ஆர். ஏறக்குறைய சமதளம்தான், கியர் இல்லாத சைக்கிளிலும் உத்தண்டி போய் வரலாம். எங்களில் ஒருவர் முன்னால் கூடை வைத்த லேடீஸ் சைக்கிளில் ஒரு வருடம் வந்தார். முட்டுக்காட்டுக்கும் அதிலேயே போனார்.

பிடித்துப்போய் வாங்க நினைத்தால், முதல் சைக்கிளாக ஹைபிரிட் பெரும்பாலானவர்களுக்குப் பொருந்தும். குனிந்து ஓட்டும் ரோட் பைக்கைவிட நிமிர்ந்து உட்காரலாம், டயரும் கொஞ்சம் அகலம். எந்த மாடல் என்பதைவிட ஃபிரேம் அளவுதான் முக்கியம். கடையில் "இதே கொஞ்சம் பெரிய சைஸ்தான் ஸ்டாக் இருக்கு மேடம், சீட்டை இறக்கிக்கலாம்" என்று சொன்னால் வாங்காமல் வந்துவிடுங்கள். சீட்டை இறக்கலாம், ஹேண்டில் பாரைப் பக்கத்தில் கொண்டுவர முடியாது. எட்டிப் பிடித்தே கழுத்தும் தோளும் போய்விடும்.

சீட் உயரம் பார்க்க எளிய வழி: சீட்டில் உட்கார்ந்து குதிகாலைப் பெடலில் வையுங்கள். பெடல் அடியில் இருக்கும்போது கால் நேராக நீள வேண்டும். அப்புறம் முன்பாதத்தை வைத்து ஓட்டும்போது முழங்கால் லேசாக மடங்கியிருக்கும், அதுதான் சரி. முழங்கால் வலி என்று வருகிறவர்களில் பலருக்கு சீட்டை உயர்த்தியதுமே வலி குறைந்திருக்கிறது.

இதை எப்படிக் கேட்கிறதுன்னு தெரியலை. சீட்டில் உட்காரவே முடியலை, ரொம்ப வலிக்குது.

நன்றாகக் கேளுங்கள். வெட்கப்பட்டு இதைக் கேட்காமலேயே சைக்கிளை விட்டவர்கள் எத்தனையோ பேர்.

உடல் எடையை இடுப்பெலும்பின் அடியில் இருக்கும் இரண்டு முனைகள்தான் தாங்க வேண்டும். பெண்களுக்கு அந்த இரண்டு முனைகளுக்கும் இடைவெளி பொதுவாகக் கொஞ்சம் அதிகம். சைக்கிளோடு வரும் குறுகலான சீட்டில் அந்த எலும்புகள் உட்கார இடமில்லாமல், எடை முழுவதும் நடுவில் இருக்கும் மென்மையான பகுதியில் இறங்குகிறது. வலியும் மரத்துப்போவதும் அதனால்தான். கொஞ்சம் அகலமான, நடுவில் பள்ளமோ திறப்போ உள்ள சீட்டுக்கு மாறுங்கள். சீட்டின் மூக்கு மேல்நோக்கி இருந்தால் சமமாக்குங்கள். மெத்தென்று புதையும் ஜெல் உறை முதல் பத்து கிலோமீட்டருக்குச் சுகமாக இருக்கும், அப்புறம் அதுவே அழுத்தும்.

உட்காரும் இடத்தில் மெத்தை (பேட்) வைத்துத் தைத்த சைக்கிள் ஷார்ட்ஸ் வாங்கினால் உள்ளாடை இல்லாமல்தான் அணிய வேண்டும். இதைக் கடையில் யாரும் சொல்வதில்லை. உள்ளாடைத் தையல்தான் தோலை உரசிப் புண்ணாக்கும். ரைடு முடிந்ததும் ஈரத்தோடு உட்கார்ந்து அரட்டை அடிக்காமல் மாற்றிவிடுங்கள். மூன்று நான்கு வாரத்தில் உடம்பு பழகும் வலி வேறு, மரத்துப்போவது வேறு. மரத்துப்போனால் சீட்டை மாற்றியே ஆக வேண்டும்.

ஷார்ட்ஸ்தான் போடணுமா? சுடிதாரில் வரலாமா?

வரலாம். பேட் ஷார்ட்ஸுக்கு மேல் லெக்கிங்ஸ், டிராக் பேண்ட், நீளமான டீ ஷர்ட் என்று பலரும் பல விதமாக வருகிறார்கள். தலையை மூடும் துணியை ஹெல்மெட்டுக்கு அடியில் இறுக்கமாகக் கட்டிக்கொண்டு வருகிறவர்களும் உண்டு. துப்பட்டா மட்டும் வேண்டாம். பின்சக்கரத்தில் சிக்கினால் கழுத்தை இழுக்கும். அகலமான பேண்ட் என்றால் செயின் இருக்கும் வலது காலில் ஒரு ரப்பர் பேண்டோ கிளிப்போ போட்டுக்கொள்ளுங்கள்.

பீரியட்ஸ் நாட்களில் ஓட்டலாமா?

உடம்பு ஒத்துழைத்தால் ஓட்டலாம். சிலருக்கு வயிற்று வலி குறைவதாகவே சொல்கிறார்கள், சிலருக்கு முதல் நாள் எழுந்திருக்கவே முடியாது. பேட் ஷார்ட்ஸுக்குள் சானிட்டரி நாப்கின் வைத்தால் உரசல் அதிகமாகும் என்பதால் எங்களில் பலர் மாதவிடாய்க் கப்புக்கு மாறிவிட்டார்கள். அன்று வராமல் இருந்தால் காரணம் சொல்ல வேண்டியதில்லை.

வழியில் கழிப்பறை?

ஆண்களின் ரைடில் இந்தக் கேள்வியே எழாது. எங்கள் ரைடில் பாதையே இதை வைத்துத்தான் போடப்படுகிறது. எந்தெந்த பெட்ரோல் பங்க்கில் அந்த நேரத்தில் கழிப்பறை திறந்திருக்கும், எங்கே தாழ்ப்பாள் உண்டு, எங்கே தண்ணீர் வரும் என்று ஒரு பட்டியல் வைத்திருக்கிறோம். மாதம் ஒரு முறை நேரில் பார்த்துத் திருத்துவோம். பூட்டியிருந்தால் சாவி கேளுங்கள். பெட்ரோல் போடாதவர்களும் கேட்கலாம். பொதுமக்களுக்குக் கழிப்பறை வைத்திருப்பது பங்க்கின் பொறுப்பு.

தயவுசெய்து இதற்குப் பயந்து தண்ணீர் குடிக்காமல் ஓட்டாதீர்கள். சென்னைப் புழுக்கத்தில் மணிக்கு அரை லிட்டராவது உள்ளே போக வேண்டும். குடிக்காமல் வந்தால் தலைவலியும் தசைப்பிடிப்பும் வரும், சிறுநீர்த் தொற்றும் சேர்ந்து வரலாம். வழியில் நிறுத்தச் சொல்ல யாரும் தயங்கவே வேண்டாம். நாங்கள் ஓட்டுவது ரேஸ் இல்லை.

சாப்பாடு?

கிளம்புமுன் ஒரு வாழைப்பழம். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓட்டினால் பையில் கடலை மிட்டாயோ பேரீச்சம்பழமோ. ஒரு பாட்டிலில் வெறும் தண்ணீர், இன்னொன்றில் உப்பும் சர்க்கரையும் எலுமிச்சையும் கலந்தது. மாமல்லபுரம் போனால் அங்கே இட்லி, பொங்கல். பொங்கல் சாப்பிட்டுத் திரும்பி 45 கிலோமீட்டர் ஓட்டுவது கஷ்டம், இட்லியோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

பஞ்சர் ஆனால் என்ன செய்வது? எனக்கு ஒன்றுமே தெரியாது.

சொல்லித் தருவோம். எங்கள் குழுவில் பஞ்சர் ஆனவர்தான் கை வைக்க வேண்டும், மற்றவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுப்போம். கூட்டமாக வந்து பிடுங்கிச் செய்துகொடுத்துவிட்டால் அடுத்த முறையும் அவருக்குத் தெரியாது.

ஈ.சி.ஆர். ஓரத்தில் பஞ்சருக்குப் பெரும்பாலும் சீமைக் கருவேல முள்தான் காரணம், சில நேரம் உடைந்த பாட்டில் கண்ணாடி. பின்சக்கரம் என்றால் முதலில் செயினைக் கடைசிச் சின்னப் பல்சக்கரத்துக்குக் கொண்டுவாருங்கள், சக்கரம் எளிதாகக் கழலும். காற்றை முழுவதும் இறக்கி, டயரின் விளிம்பை ரிம்மின் நடுப்பள்ளத்துக்குள் அமுக்கித் தளர்த்துங்கள். டயரை நெம்பி எடுக்கும் லீவர் இரண்டு போதும். டியூபை உருவியதும் பலர் அவசரப்பட்டு உடனே புது டியூபைப் போட்டுவிடுவார்கள். அங்கேதான் தவறு நடக்கிறது. முள் டயரிலேயே இருக்கும். ஒரு துணியை விரலில் சுற்றிக்கொண்டு டயரின் உட்புறம் முழுக்க மெதுவாகத் தடவுங்கள், துணி எங்கேயாவது மாட்டும். மாட்டிய இடத்தில் டயரை வெளிப்பக்கம் மடித்துப் பார்த்தால் கருப்பாக ஒரு புள்ளி தெரியும். அதை நகத்தாலோ சேஃப்டி பின்னாலோ தள்ளி எடுத்த பிறகுதான் புது டியூப். புது டியூபில் ஒரு வாய்க் காற்று ஊதி லேசாக உருண்டையாக்கிவிட்டுப் போட்டால் முறுக்கிக்கொள்ளாது, டயருக்கும் ரிம்முக்கும் நடுவில் நசுங்காது.

முதல் தடவை 40 நிமிடம் ஆகும். சேப்பாக்கத்திலிருந்து வரும் எங்கள் தோழி ஒருவர் பட்டிப்புலம் பக்கத்தில் தன் முதல் பஞ்சரைப் போட்டு முடித்து, கறுத்த விரல்களைச் சாலை ஓர மணலில் தேய்த்துக்கொண்டே "இனிமே நான் தனியாவும் போவேன்" என்றார். இப்போது போகிறார்.

ஒரு குறிப்பு: உங்கள் சைக்கிளில் மெல்லிய பிரெஸ்டா வால்வு இருந்தால் சாதாரணப் பஞ்சர் கடையில் காற்றடிக்கச் சின்ன அடாப்டர் வேண்டும். விலை மிகக் குறைவு, சீட்டுக்கு அடியில் இருக்கும் பையில் எப்போதும் ஒன்று கிடக்கட்டும்.

யாராவது தொந்தரவு செய்தால்?

நடக்கிறது. நடக்காது என்று பொய் சொல்ல மாட்டேன். பைக்கில் கூடவே ஒட்டிக்கொண்டு வருவது, கேலி பேசுவது, போனில் படம் பிடிப்பது. பத்துப் பேராகப் போகும்போது குறைவு, தனியாகப் போகும்போது அதிகம்.

நாங்கள் செய்வது இதுதான்: பதில் பேசுவதில்லை, வேகத்தையும் கூட்டுவதில்லை. இருவர் இருவராக நெருங்கி, ஆட்கள் இருக்கும் டீக்கடையிலோ பங்க்கிலோ நின்றுவிடுவோம். ஒருவர் வண்டி எண்ணைச் சத்தமாகப் படிப்பார், இன்னொருவர் எழுதிக்கொள்வார். பாதிப் பேர் அந்தச் சத்தத்திலேயே போய்விடுவார்கள். போகாவிட்டால் 112க்கு அழைப்போம். பெண்களுக்கான உதவி எண் 181. தமிழ்நாடு காவல்துறையின் காவல் உதவி செயலியைப் போனில் வைத்திருங்கள், அதில் ஒரு சிவப்புப் பொத்தான் உண்டு. விபத்து என்றால் 108.

நடந்ததைக் குழுவில் எழுதுங்கள். எந்த இடம், எத்தனை மணி என்று எழுதுங்கள். அது உங்கள் தவறு இல்லை. அடுத்த வாரம் அங்கே நாங்கள் சேர்ந்து போவதற்கு அந்தக் குறிப்புதான் உதவுகிறது.

நாய் துரத்தினால்?

இறங்கி நில்லுங்கள். சைக்கிளை நாய்க்கும் உங்களுக்கும் நடுவில் வைத்துக்கொண்டு நடங்கள். அதைத் துரத்தத் தூண்டுவது ஓட்டம்தான், நின்றால் பெரும்பாலும் நின்றுவிடும். கடித்துவிட்டால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, அன்றே மருத்துவமனை.

வீட்டில் விட மாட்டேங்கிறாங்க. "இந்த வயசுல எதுக்கு" என்கிறார் மாமியார்.

முதலில் பயத்துக்கான பதிலைச் சொல்லுங்கள். வாட்ஸ்அப்பில் லைவ் லொகேஷனை 8 மணி நேரத்துக்குப் போட்டுவிட்டுக் கிளம்புங்கள். நம்முடன் வருகிற இருவரின் எண்களை வீட்டில் எழுதி வைத்துவிட்டு வாருங்கள். வேண்டுமானால் ஒரு ஞாயிறு கணவரையோ மாமியாரையோ திருவான்மியூருக்கு அழைத்து வாருங்கள். எங்கள் முகங்களைப் பார்த்துவிட்டுப் போகட்டும். இப்படி வந்து பார்த்த ஒரு மாமியார் இப்போது மருமகளை எழுப்பிவிட 4:15க்கு அலாரம் வைக்கிறார்.

"எதுக்கு" என்ற கேள்விக்கு எனக்குப் புதுக்கோட்டைதான் நினைவுக்கு வரும். 1991இல் அங்கே அறிவொளி இயக்கம் நடந்தபோது, அப்போதைய ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் எழுத்தறிவோடு சைக்கிள் ஓட்டுவதையும் சேர்த்தார். கல் குவாரியில் வேலை செய்தவர்கள், கூலி விவசாயிகள், அங்கன்வாடிப் பணியாளர்கள் என்று பல்லாயிரம் கிராமப் பெண்கள் கற்றுக்கொண்டார்கள். 1992 மகளிர் தினத்தன்று 1,500 பேருக்கு மேல் ஹேண்டில் பாரில் கொடி கட்டி, மணி அடித்துக்கொண்டு புதுக்கோட்டை நகருக்குள் ஓட்டி வந்தார்கள். பலருக்கு லேடீஸ் சைக்கிளைவிட ஜென்ட்ஸ் சைக்கிள்தான் பிடித்தது. முன்னால் இருக்கும் பாரில் குழந்தையை உட்காரவைக்கலாம் அல்லவா. பஸ்ஸுக்கும் அப்பாவுக்கும் அண்ணனுக்கும் காத்திருக்காமல் தண்ணீருக்கும் சந்தைக்கும் போய் வந்தார்கள்.

நாம் ஓட்டுவது வேலைக்காக இல்லை, ஞாயிற்றுக்கிழமை சந்தோஷத்துக்காக. இருந்தாலும் அவர்கள் போட்ட தடத்தில்தான் போகிறோம் என்று நான் நம்புகிறேன். மாமியாரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். அவரே சின்ன வயதில் வாடகை சைக்கிள் எடுத்து ஓட்டிய கதை ஒன்று வெளியே வந்தாலும் வரும்.

ரைடை எதில் பகிர்கிறீர்கள்? ஸ்ட்ராவா போட்டால் பாதுகாப்பா?

எழுத்து வாட்ஸ்அப் குழுவில், பாதை ஸ்ட்ராவாவில். ஓட்டிய பாதையை வரைபடத்தில் பதிவுசெய்யும் செயலி அது. ஆனால் ஸ்ட்ராவாவை நிறுவியதும் முதல் வேலையாக அமைப்புகளுக்குள் போங்கள். சும்மா விட்டால் உங்கள் ரைடு எல்லோருக்கும் தெரியும்படியே இருக்கும். வரைபடத்தில் உங்கள் கோடு தொடங்கும் புள்ளி உங்கள் வீட்டு வாசல். ஞாயிறுதோறும் எத்தனை மணிக்கு அந்த வாசலிலிருந்து தனியாகக் கிளம்புகிறீர்கள் என்பதும் அதில் இருக்கும்.

2018 ஜனவரியில், எல்லோருடைய பாதைகளையும் சேர்த்துக் காட்டும் ஸ்ட்ராவாவின் உலக வரைபடத்தை வைத்து, ஆப்கானிஸ்தானிலும் சிரியாவிலும் இருந்த ராணுவ முகாம்களின் உருவத்தையே கண்டுபிடித்துவிட்டார்கள். வீரர்கள் காலையில் ஓடிய ஓட்டம் கோடுகளாக விழுந்திருந்தது. முகாம்களுக்கே அந்தக் கதி என்றால் நம் தெரு எம்மாத்திரம்.

ஆகவே: ரைடைப் பின்தொடர்பவர்கள் மட்டும் பார்க்கும்படி மாற்றுங்கள். தெரியாதவர்களின் கோரிக்கையை ஏற்காதீர்கள். தொடக்கத்தையும் முடிவையும் மறைக்கும் வசதி உண்டு, அதை 1.6 கிலோமீட்டர் வரை வைக்கலாம், அவ்வளவையும் வையுங்கள். போகும்போதே படம் போடாதீர்கள், வீடு வந்து குளித்துவிட்டுப் போடுங்கள். மற்றவர் முகம் இருந்தால் கேட்டுவிட்டுப் போடுங்கள். வீட்டில் சொல்லாமல் வருகிறவர்களும் நம்மோடு இருக்கிறார்கள்.

நான் ஓட்டினது வெறும் 12 கிலோமீட்டர். அதில் எழுத என்ன இருக்கு?

எழுத வேண்டியதே அதுதான். 200 கிலோமீட்டர் ஓட்டியவரின் பதிவைப் படித்தால் வியப்போம், லைக் போடுவோம், அப்புறம் போர்வையை இழுத்துக்கொள்வோம். 12 கிலோமீட்டர் ஓட்டியவரின் பதிவைப் படிக்கும்போதுதான் "அட, இது நம்மாலும் முடியுமே" என்று எழுந்து உட்காருவோம். என்னைத் திரும்பச் சாலைக்கு இழுத்ததும் அப்படி ஒரு பதிவுதான். யாரோ ஒரு அக்கா எழுதியிருந்தார்: "பாலவாக்கம் வரை போனேன். பயமாக இருந்தது. ஒரு பால் வண்டிக்காரர் ஒதுங்கி வழி விட்டார். திரும்பி வந்து காபி போட்டேன்." அவ்வளவுதான். எட்டு மாதத் தூசியைத் துடைத்து அன்று மாலையே டயருக்குக் காற்றடித்தேன்.

சராசரி வேகம், கலோரிக் கணக்கெல்லாம் செயலியே எழுதிவிடும். அதற்குத் தெரியாததை நீங்கள் எழுதுங்கள். எங்கே பயந்தீர்கள், எங்கே இறங்கித் தள்ளினீர்கள், சாலையின் எந்த இடத்தில் குழி, எந்தக் கடையில் நாற்காலி இழுத்துப் போட்டார்கள். பாதியில் திரும்பியிருந்தால் அதையும் எழுதுங்கள். எங்கள் குழுவில் அதிகப் பதில்கள் வருவது பாதியில் திரும்பிய ரைடுகளுக்குத்தான்.

ஆண்கள் வரலாமா?

ஞாயிறு ரைடுக்கு இல்லை. மாதத்தின் கடைசிச் சனிக்கிழமை குடும்ப ரைடு உண்டு, அதற்கு எல்லோரும் வரலாம்.

பிரெவே என்கிறார்களே, அதற்கு நான் தயாராக முடியுமா?

முடியும், ஆறு மாதமாவது ஆகும். பிரெவே என்பது போட்டி இல்லை. குறிப்பிட்ட தூரத்தைக் குறிப்பிட்ட நேரத்துக்குள், யாருடைய வாகன உதவியும் இல்லாமல் முடிக்க வேண்டும். 200 கிலோமீட்டருக்கு 13 மணி 30 நிமிடம், 300க்கு 20 மணி நேரம், 400க்கு 27, 600க்கு 40. பெண்களுக்கும் ஆண்களுக்கும் ஒரே நேரம்தான், 25 வயதுக்கும் 60 வயதுக்கும் ஒரே நேரம்தான். முதலில் வந்தவர், கடைசியில் வந்தவர் என்ற பட்டம் கிடையாது. எனக்கு இதில் பிடித்ததே அதுதான். இந்தத் தூரங்களை முடித்தவர்கள்தான் நான்கு ஆண்டுக்கு ஒருமுறை பிரான்சில் நடக்கும் 1,200 கிலோமீட்டர் பாரிஸ்-பிரெஸ்ட்-பாரிஸுக்குப் போக முடியும். அடுத்தது 2027இல்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 200 கிலோமீட்டருக்கு நிற்கும் நேரமும் சேர்த்து மணிக்கு 15 கிலோமீட்டருக்குச் சற்று குறைவாக இருந்தாலே போதும். மாமல்லபுரம் போய் வந்து அன்று மாலை வீட்டு வேலையும் பார்க்க முடிகிறது என்றால் நீங்கள் பாதிக்கு மேல் வந்துவிட்டீர்கள். மீதி இருப்பது வெயிலில் சாப்பிடப் பழகுவதும், இருட்டில் தனியாக இருக்கப் பழகுவதும்.

மழை பெய்தால் ரைடு உண்டா?

தூறல் என்றால் உண்டு. அப்போது சாலையில் போட்டிருக்கும் வெள்ளைக் கோட்டின் மேல் ஏறாதீர்கள், வழுக்கும். தண்ணீர் தேங்கிய இடத்தில் அடியில் குழி இருக்கிறது என்றே நினைத்துச் சுற்றிப் போங்கள். ரிம் பிரேக் என்றால் ஈரத்தில் பிடிக்கக் கொஞ்சம் தாமதமாகும், முன்கூட்டியே அழுத்த ஆரம்பியுங்கள். இடி, மின்னல், புயல் எச்சரிக்கை என்றால் ரைடு இல்லை. ஞாயிறு காலை 4:30க்குக் குழுவில் உண்டு, இல்லை என்று ஒரே வார்த்தையில் செய்தி வரும். அதைப் பார்த்துவிட்டு விளக்கைப் போடுங்கள்.